சேரிக்கு ஒரு பாலன்

பிரசவ அறையில் சின்னபொண்ணு முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. பனிக்குடம் உடைந்து மடியெல்லாம் நனைந்தாலும், வலி தாங்காமல் தாய்க்கு மலம் போய்விட்டாலும், அவள் கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். "பொறக்கறது இப்படித்தான் பொறக்கும். இதுல இன்னா அசிங்கம்?" என்பாள். எங்கள் பக்கத்தில் அவள் எடுத்த பிள்ளைகள் ஏராளம். நானும் அவள் கையில் விழுந்தவன்தான். என் அப்பாவுக்கு அவள் அத்தை முறை.

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் கோயில் கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். கூட இருந்த வேலம்மாள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். வேலம்மாள்தான் பிற்பாடு இதையெல்லாம் எனக்குச் சொன்னது.

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வயல் வரப்போடு நடந்தால் வருவது எங்கள் சவேரியார்பாளையம். ஊர்த்தெருவிலும் கிறிஸ்து வேதக்காரர்கள், சேரியிலும் வேதக்காரர்கள். கோயில் ஒன்றுதான். ஆனால் நடுவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மரக் கிராதி ஓடும். கிழக்குப் பக்கம் ஊர்க்காரர்கள், மேற்குப் பக்கம் சேரிக்காரர்கள். நற்கருணைகூட முதலில் அந்தப் பக்கம் கொடுத்து முடித்துவிட்டுத்தான் சாமியார் இந்தப் பக்கம் திரும்புவார். பிரெஞ்சுக்காரன் ராஜ்யத்தில் எல்லாரும் சமம் என்று கொம்யூன் என்ற ஊராட்சிச் சாவடிச் சுவரில் எழுதியிருந்தது. எழுதியவன் எங்கள் கோயிலுக்குள் வந்து பார்த்திருக்க மாட்டான்.

சின்னபொண்ணுக்கு ஞானஸ்நானப் பெயர் பிலோமினா. அந்தப் பெயரை வைத்த சாமியாரைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. புருஷன் மரியதாஸ், நாட்டாண்மை இன்னாசிமுத்துவின் நிலத்தில் பண்ணையாள். நாட்டாண்மை வீடு உள்பட ஊர்த்தெரு வீடுகள் எல்லாவற்றுக்கும் மருத்துவச்சி சின்னபொண்ணுதான். கொல்லைப்புறம் வழியாகக் கூட்டிப் போவார்கள். பிள்ளை பிறக்கிற வரைக்கும் அவள் எங்கே தொட்டாலும் தீட்டில்லை. பிறந்து, குளிப்பாட்டி, தாய்ப்பக்கத்தில் கிடத்திய பிறகு, அவள் உட்கார்ந்த இடத்தில் சாணி தெளிப்பார்கள். அவளுக்குக் கூழ் ஊற்றுவது கொட்டாங்கச்சியில். இதையெல்லாம் அவள் மழை வெயிலைப் போல எடுத்துக்கொண்டு காலம் தள்ளினாள். முப்பத்து நாலாம் வருஷத்து ஆகமன காலம் வரைக்கும்.

ஆகமன காலம் என்றால், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்தின நாலு ஞாயிறு. சாமியார் ஊதாநிற உடுப்புப் போட்டுப் பூசை வைப்பார். ஊர் முழுக்க ஒறுத்தல், ஒருசந்தி நோன்பு, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு செபமாலை. பாலன் பிறந்த குடிலுக்குப் பச்சை காட்ட மண் சட்டிகளில் கேழ்வரகு முளைக்கப் போடுவார்கள். கோயிலைச் சுத்தம் செய்வது மட்டும் சேரிப் பெண்களுடைய பங்கு. அது மழைக்காலம். கூரைக்கடியில் தொங்கும் வௌவால்களின் எச்சம் ஈரத்தில் ஊறித் தரையெல்லாம் கறுப்புக் குழம்பாகக் கிடக்கும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். சேரிப் பெண்கள் அதைக் கையால் வழித்துக் கூடையில் அள்ளிக் கொட்டி, கிராதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெழுகிவிட்டு வருவார்கள். அந்தப் பக்கத்தை மெழுகலாம். அங்கே முழங்கால் போடத்தான் கூடாது.

அந்த வருஷம் முதல் ஞாயிறன்று பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தார். வெள்ளைக்காரர், தாடி நரைத்தவர். புத்தகத் தமிழ் பேசுவார். ஆண்டவர் வரும் பாதையில் மேடுகள் தணிய வேண்டும், பள்ளங்கள் நிரம்ப வேண்டும், ஒவ்வொருவரும் தம் இருதயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். ஊர்த்தெருப் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், உபதேசியார் சேரிக்காரர்களை மேற்கு வாசலில் நிற்கச் சொன்னார். சாமியார் வராத நாட்களில் கோயில் காரியங்களைப் பார்ப்பவர் அவர். முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி. இந்தத் திருநாள்லருந்து சேரிக்குன்னு தனியா ஒரு சேசுபாலன். நாட்டாண்மை பெரிய மனசு பண்ணி, ஊருக்குப் புதுசா ஒரு சுரூபம் வரவழைக்கிறாரு. இப்ப இருக்கற பழசு உங்களுக்கு."

விஷயம் இதுதான். பிறப்புத் திருநாள் பூசை முடிந்ததும் சாமியார் பாலன் சுரூபத்தைக் கையில் ஏந்தி நிற்பார். சனங்கள் வரிசையாக வந்து அதன் பாதத்தை முத்தி செய்வார்கள். முதலில் ஊர், பிறகு சேரி. அதில் ஊர்க்காரர்களுக்குக் குறையில்லை. ஆனால் புது வருஷத்தன்றும் மூன்று ராசாக்கள் திருநாளன்றும் மறுபடி முத்தி செய்யும்போது, ஏற்கெனவே சேரி உதடு பட்ட பாதத்தில் தங்கள் உதட்டை வைக்க வேண்டியிருந்தது. எத்தனை காலமாகவோ அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. போன வருஷம் நாட்டாண்மையின் மகனுக்குத் திருநாள் கழிந்து வாய்ப்புண் வந்தது. அதிலிருந்து அவர் மனைவி தெரேசம்மாளுக்கு அந்த நினைப்பு பிடித்துக்கொண்டது. வீட்டில் பேசி, தெருவில் பேசி, கடைசியில் சாமியாரிடமும் பேசிவிட்டார்கள்.

உபதேசியார் இந்த வாய்ப்புண் கதையைச் சொல்லவில்லை. அவர் சொல்லத் தேவையில்லை. நாட்டாண்மை வீட்டு மாட்டுக்கொட்டிலில் வேலை செய்யும் வேலம்மாளுக்கு எல்லாம் தெரியும்.

சேரி ஆண்கள் சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூட எடுத்துக் கும்பிட்டார். அதைப் பார்த்துவிட்டுச் சின்னபொண்ணு முதல் ஆளாக அங்கிருந்து கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் மரியதாஸ் நல்ல மனநிலையில் இருந்தான். புதுச் சுரூபம் பட்டணத்திலிருந்து ரயிலில் வில்லியனூருக்கு வருகிறதாம். அங்கேயிருந்து தலையில் சுமந்து வர அவனைத்தான் நாட்டாண்மை சொல்லியிருக்கிறார்.

"எத்தினி பேரு இருக்கச்சே என்னியத்தான் கூப்ட்டாரு, தெரியுமா?"

"தலைல தூக்கிக்கினு வரலாம். வாயால தொடக் கூடாது. அப்படித்தானே?"

"நமக்குன்னு ஒண்ணு குடுக்கறாங்கடி. அத ஏன் குத்தமா பாக்கற?"

"எச்சில் நாய்க்குத் தனியா சட்டி வெக்கற மாதிரி வெக்கறாங்கய்யா. ஒனக்கு அது விருந்தா தெரியுது."

மரியதாஸ் சும்மாட்டுக்குப் பழந்துணி தேடப் போனான். மறுநாள் வில்லியனூருக்குப் போய், வைக்கோல் அடைத்த மரப்பெட்டியைத் தலையில் வைத்து, சேற்றில் வழுக்கி விழாமல் கொண்டுவந்து சேர்த்தான். கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை. உப்பு ஒத்தடம் கொடுக்கும்போதும் சின்னபொண்ணு அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் கோயிலை மெழுகப் போனார்கள். பூசை உடுப்பு மாற்றும் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் இரண்டு பாலன்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைச் சின்னபொண்ணு பார்த்தாள். புதியது ரோசா நிறம், கண்ணாடிக் கண். பழையதற்கு ஒரு விரல் உடைந்திருந்தது. உபதேசியார் பழைய பாலனின் கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது இன்னாத்துக்குங்க?" என்று கேட்டாள்.

"அவசரத்துல சாமியாரு கை மாத்தி எடுத்துடக் கூடாது பாரு. இது உங்களுது. அடையாளம்."

அவர் அதை ஒளிவுமறைவு இல்லாமல், மாட்டுக்குச் சூடு போடுகிறவனைப் போலச் சொன்னார். அடுத்த முடிச்சையும் இறுக்கினார். சின்னபொண்ணு துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தாள். கிணற்றடி வரைக்கும்தான் போக முடிந்தது. அப்போதுதான் அந்த வாந்தி.

"மசக்கையா யக்கா?" என்று வேலம்மாள் கேட்டாள்.

"இந்த வயசுலயா? உள்ள போயி பாருடி. புள்ள கால்ல கயிறு கட்டிக்கினு இருக்கறான் அந்த ஆளு. இம்மாம் வௌவாப் பீய அள்ளுனேன், ஒண்ணும் ஆவல. அதப் பாத்தேன், கொடல் வெளிய வந்துடுச்சு."

திருநாளுக்கு முன்னால் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். அதிலும் ஊர்க்காரர்கள் கோயிலுக்குள்ளே முழங்கால் போடுவார்கள். சேரிக்காரர்களுக்குச் சுவரில் பலகணி. வெளியே மழையில் நின்றுகொண்டு உள்ளே இருக்கும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல வேண்டும். சின்னபொண்ணு முறை வந்தது. வழக்கமான செபத்தைச் சொல்லிவிட்டு நின்றாள்.

"உன் பாவங்களைச் சொல், மகளே."

"அருவருப்பா இருக்குது சாமி."

"எதன்மீது?"

"ஊர்க்காரங்க மேல. எம் புருஷன் மேல. உங்க மேலயும்."

சாமியார் பலகணியை ஒட்டிச் சாய்ந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "இரண்டு சுரூபங்களைப் பற்றிச் சொல்கிறாய். எனக்கும் அதில் மகிழ்ச்சி இல்லை. மறுத்தால் அவர்கள் கோயிலுக்கே வரமாட்டோம் என்கிறார்கள். ஆத்துமங்களை இழக்க நான் விரும்பவில்லை."

"எங்க ஆத்துமம்?"

"நீங்கள் பொறுமையுள்ளவர்கள்."

சின்னபொண்ணு பலகணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சாமி, சாவக் கெடக்கற பச்சப் புள்ளைக்கு, நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்காம மருத்துவச்சியே தலைல தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம்னு நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. ஊர்த்தெருவுல எத்தினி புள்ளைக்கு ஊத்தியிருக்கறேன். அதெல்லாம் மோட்சம் போச்சா, போகலையா?"

"போயிற்று. சந்தேகமே இல்லை."

"எங் கையால ஊத்துன தண்ணில மோட்சத்துக்குப் போவலாம். நான் முத்தி பண்ண பொம்மயத் தொட்டா வாய்ப்புண்ணு வருமா?"

அருவருப்பு அன்புக்கு விரோதமானது என்றும், அபராதமாக, மாதாவைத் துதிக்கும் பிரியதத்த மந்திரம் சொல்ல வேண்டும் என்றும் சாமியார் சொன்னார். சின்னபொண்ணு மந்திரம் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள். அவள் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட அபராதம் அது ஒன்றுதான்.

திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, உச்சிப்பொழுதில், நாட்டாண்மை வீட்டு வண்டி சேரி முனையில் வந்து நின்றது. மருமகள் கஸ்தூரிக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு அனுப்புவதற்குள் வெள்ளம் வந்து ஆற்றுப் பாதை அடைபட்டதால் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டவள். போகாதே என்று வேலம்மாள் சொன்னாள். "அந்தப் பொண்ணு இன்னாடி பண்ணுச்சு?" என்று சொல்லிவிட்டுச் சின்னபொண்ணு வண்டிக்குப் பின்னால் நடந்தாள்.

பிள்ளை சுலபத்தில் வரவில்லை. வந்தபோது கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. உடம்பு நீலம் பாரித்துக் கிடந்தது. சத்தம் இல்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். அசைவில்லை. தெரேசம்மாள் மூலையில் நின்று, "ஐயோ, தண்ணி ஊத்துடி, ஞானஸ்நானம் குடுத்துடு" என்று அழுதாள். சின்னபொண்ணு அதைக் காதில் வாங்கவில்லை. பிள்ளையின் வாயோடு தன் வாயை வைத்து, தொண்டையை அடைத்திருந்த கோழையை உறிஞ்சித் துப்பினாள். மறுபடி உறிஞ்சினாள். பிறகு உதட்டோடு உதடு வைத்துச் சின்னச் சின்னதாக ஊதினாள். மார்பு ஏறியது. ஒரு விக்கல். அதற்குப் பிறகு அழுகை. வாசலில் நின்றிருந்த நாட்டாண்மைக்கும் அது கேட்டது.

ஆண் பிள்ளை. சின்னபொண்ணு குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கஸ்தூரி பக்கத்தில் வைத்தாள். நஞ்சுக்கொடியை எடுத்து மூடி, கையைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். தெரேசம்மாள் குனிந்து பிள்ளையின் உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் கோயில் தீர்த்தம் வைத்திருக்கும் சின்னக் குப்பி. விரலைத் தீர்த்தத்தில் நனைத்துத் துடைப்பாள், மறுபடி நனைப்பாள். பிள்ளை வீறிட்டது. கஸ்தூரி கண் திறந்துதான் இருந்தாள். பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"இன்னாம்மா பண்றீங்க?" என்றாள் சின்னபொண்ணு.

"ஒண்ணுமில்லடி. நீ போய்க் கூழு குடி. கொல்லைல ஊத்தி வெச்சிருக்கு."

சின்னபொண்ணு கொட்டாங்கச்சியைக் கடந்து போனாள். கூழைத் தொடவில்லை. தெருவழியே, ஊர்த்தெரு நடுவே, எல்லாரும் பார்க்க நடந்து சேரிக்குப் போனாள். அவள் அந்தத் தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை என்று வேலம்மாள் சொல்வாள்.

பிறப்புத் திருநாளன்று, தலைமைக் கோயிலில் நடுச்சாமப் பூசையை முடித்துக்கொண்டு, விடிந்த பிறகு சாமியார் எங்கள் ஊருக்கு வந்தார். மழை விட்டிருந்தது. குடிலில் கேழ்வரகுப் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. பூசை முடிந்ததும் சாமியார் புதுப் பாலனை ஏந்திக் கிழக்குப் பக்கம் நின்றார். நாட்டாண்மை முதலில் முத்தி செய்தார். பேரன் பிறந்த சந்தோஷத்தில் தெரேசம்மாள் பாலனின் இரண்டு பாதத்திலும் முத்தமிட்டாள். அந்தப் பக்கம் முடிந்தது. சாமியார் பாலனை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு, கயிறு கட்டிய பாலனை வாங்கிக்கொண்டு மேற்கே திரும்பினார்.

மரியதாஸ் முத்தி செய்தான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் செய்தார்கள். சின்னபொண்ணு முறை வந்தது. சாமியார் பாலனை நீட்டினார். அவள் குனியவில்லை.

"எனக்கு வேணாம் சாமி."

"மகளே, ஆண்டவரை மறுக்காதே."

"ஆண்டவர நான் மறுக்கல. அவுரு ஒருத்தருதான். இது நீங்க எங்க வாய்க்குப் பயந்து பண்ணி வெச்ச பொம்ம." கிராதிக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "முந்தாநேத்து இந்த வாயாலதான் ஊதினேன். அந்தப் புள்ள உசிரோட இருக்குது. அதுக்கும் தீர்த்தம் போட்டுத் தேச்சாங்க. எனக்குக் கொமட்டுது சாமி. இங்க நிக்க முடியல."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். கோயில் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. அவள் வெளியே போனாள். வேலம்மாளும் இன்னும் சில பெண்களும் பின்னாலேயே போனார்கள். மற்றவர்கள் போகவில்லை. வரிசையில் நின்று முத்தி செய்து முடித்தார்கள்.

அன்றைக்கு மரியதாஸ் அவளை அடிக்கக் கை ஓங்கினான். "ஆண்டை மொகத்துல நான் எப்படி முழிக்கறது?" என்று கத்தினான். அவள் நகராமல் நின்றதைப் பார்த்து, கையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனான். பிறகு பல நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சம்பா அறுப்பு முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது, கஸ்தூரி ஒரு நாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சேரி முனைக்கு வந்து நின்றாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. சின்னபொண்ணு வெளியே வந்தாள்.

"புள்ளையக் காட்டலாம்னு வந்தேன்" என்றாள் கஸ்தூரி.

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கறான்."

"அத்தை பண்ணது தப்புதான். எனக்கு அன்னிக்கி பேச வாய் வரல."

"பேச வேணாம். கையால அந்தக் குப்பியத் தட்டி விட்டிருக்கலாமே. கை நல்லாத்தானே இருந்துச்சு."

கஸ்தூரி தலை குனிந்தாள். சின்னபொண்ணு குழந்தையைக் கையில் வாங்கவில்லை. "வெயில்ல புள்ளைய வெச்சிக்கினு நிக்காதம்மா. வூட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவு கடுமை தேவையில்லை என்று வேலம்மாளுக்குப் பட்டது. எனக்கும்தான் முதலில் அப்படிப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

அடுத்த ஆகமன காலம் வந்தபோது கோயிலைச் சுத்தம் செய்யச் சேரியிலிருந்து ஒரு பெண்ணும் போகவில்லை. உபதேசியார் வந்து கூப்பிட்டார். "இந்தப் பக்கம் நாங்க பாத்துக்கறோம். அந்தப் பக்கம் அவங்க பாலன் கெடக்கற எடம். நாங்க தொட்டா வாய்ப்புண்ணு வரும்" என்றாள் வேலம்மாள். ஊர்த்தெருப் பெண்கள் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு வௌவால் எச்சத்தைச் சுரண்டினார்கள். பாதியில் விட்டுவிட்டு ஓடினவர்களும் உண்டு. முதல் ஞாயிறு பூசையின்போது கிழக்குப் பக்கம் நாறியது, மேற்குப் பக்கம் மெழுகின வாசனையோடு இருந்தது. நடுவில் நின்ற சாமியாருக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கும்.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அந்த வருஷம் இரண்டு பாலன்களையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பட்டணத்திலிருந்து வந்த ஒரு படத்தைக் குடிலில் மாட்டினார். இனிமேல் முத்தி இல்லை, எல்லாரும் தூரத்தில் நின்று கும்பிட்டுப் போகலாம் என்று அறிவித்தார். ஊர்க்காரர்களுக்கும் திருப்தி, சேரியில் பலருக்கும் திருப்தி. சண்டை தீர்ந்தது என்றார்கள்.

சின்னபொண்ணு இதைக் கேட்டு வாசலில் துப்பினாள். "ஒரே பாலன வெச்சு, எல்லாரும் வாங்கடான்னு சொல்ல அந்தாளுக்கு வாய் வரல பாரு. புள்ளையவே தூக்கிப் பொட்டில போட்டுட்டாரு."

கஸ்தூரிக்கு இரண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்தபோது மறுபடியும் அந்த வண்டி வந்தது. நாட்டாண்மையே இறங்கி வந்து நின்றார்.

"வாடி சின்னபொண்ணு. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத."

"வர்றேன் ஐயா. முன்வாசல் வழியா வருவேன். நான் தொட்ட புள்ளைய யாரும் தீர்த்தம் போட்டுத் தேய்க்கக் கூடாது. இது ரெண்டுக்கும் சம்மதம்னா இப்பவே கெளம்பறேன்."

நாட்டாண்மை கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்று நினைக்கிறேன். வண்டியில் ஏறி, கரிக்கலாம்பாக்கத்துப் பக்கம் ஓட்டச் சொன்னார். அங்கேயிருந்து வேறொருத்தியைக் கூட்டிவந்தார்கள். பெண் குழந்தை, தாய்க்கும் பிள்ளைக்கும் குறையொன்றுமில்லை.

சேதி வந்தபோது சின்னபொண்ணு கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். "நல்லது" என்றாள். மரியதாஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "நானா இருந்தா, அவுரு கூப்ட்டதுமே சரின்னு போயிருப்பேன்" என்றான். "அது தெரியும்" என்று சொல்லி அவனுக்கும் ஒரு சட்டி ஊற்றினாள்.